கழற்றி மாட்டலாம்னு கட்டின கட்டடம்: நகாகின் கேப்ஸ்யூல் டவரின் 50 வருஷம்

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கி, துணைத்தலைப்புகள் சேர்த்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு டோக்கியோ போகப் போறோம், ஒரு கட்டடத்தைப் பார்க்க. இப்போ அந்த இடத்துல அந்தக் கட்டடம் இல்லை. அதுதான் கதையே.

அதுக்கு முன்னாடி என் ஆபீஸ்ல நடந்த ஒரு சின்ன விஷயம். காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பில் போடுற ஒரு சிஸ்டத்துக்கு வரி கணக்கிடுற மாடியூல் ஒண்ணு எழுதினேன். ரிலீஸுக்கு நாலு நாள்தான் இருந்தது. அவசரத்துல எழுதினதுதான், ஆனா ஒழுங்கா எழுதினேன். தனி மாடியூல், சுத்தமான இன்டர்ஃபேஸ். பின்னாடி யார் வேணும்னாலும் இதைக் கழற்றிட்டு வேற ஒண்ணை மாட்டிக்கலாம். மேலே ஒரு கமென்ட் வேற போட்டேன்: "தற்காலிகம். அடுத்த ரிலீஸில் மாற்றவும்."

நாலு வருஷம் ஆச்சு. நான் வேற டீமுக்குப் போயிட்டேன். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன். ரெண்டு நாளா கஸ்டமர்களுக்குத் தப்பான பில் போயிட்டு இருக்கு. தேடிப் பார்த்தா, என் மாடியூல். சரி, கழற்றி எறிஞ்சிட்டு புதுசு போட்டுடலாம்னு உட்கார்ந்தேன். டீம்ல புதுசா வந்த பையன் சொன்னான்: "ப்ரோ, இதை எடுத்தா மேல ஆறு சர்வீஸ் விழும்." நான் பைசாவை ரவுண்ட் பண்ணின விதம் வரைக்கும் நம்பி ஆறு சர்வீஸ் எழுதியிருக்காங்க. இன்டர்ஃபேஸ் சுத்தமாத்தான் இருந்தது. ஆனா கழற்ற முடியலை.

அந்த ராத்திரிக்கு அப்புறம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வர்ற கட்டடம்தான் நகாகின் கேப்ஸ்யூல் டவர்.

பார்க்க எப்படி இருக்கும்?

படத்துல நீங்க பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கொஞ்சம் கோணல்மாணலா அடுக்கின மாதிரி இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெரிய வட்ட ஜன்னல். தூரத்துல இருந்து பார்த்தா, முன்பக்கம் கதவு வெச்ச வாஷிங் மெஷின்களை அடுக்கி வெச்சிருக்காங்களோன்னு தோணும்.

இடம், டோக்கியோவின் கின்சா பகுதியில், ஷிம்பாஷி ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரம். நிலத்தின் விலை எகிறும் பகுதி. கட்டி முடித்தது 1972-இல்.

அமைப்பு ரொம்ப எளிமையானது. நடுவில் இரண்டு கோபுரங்கள். ஒன்று 11 மாடி, இன்னொன்று 13 மாடி. லிஃப்ட், படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், கரன்ட் எல்லாம் இந்தக் கோபுரங்களுக்குள். இதை மரத்தின் தண்டுன்னு வெச்சுக்கங்க. அதைச் சுற்றி 140 கேப்ஸ்யூல்கள். அதுதான் இலைகள். ஒவ்வொரு கேப்ஸ்யூலும் 4 பெரிய போல்ட்டால் தண்டோடு முடுக்கப்பட்டிருந்தது.

கேப்ஸ்யூல்களை அந்த இடத்தில் கட்டவில்லை. ஷிகா மாகாணத்தில் ஒரு தொழிற்சாலையில் செய்து, உள்ளே எல்லாவற்றையும் பொருத்தி, லாரியில் டோக்கியோவுக்குக் கொண்டு வந்தார்கள். கிரேனால் தூக்கி மாட்டினார்கள். கப்பல் கன்டெய்னர் கையாளுற மாதிரிதான்.

ஒரு கேப்ஸ்யூலின் அளவு அகலம் 2.5 மீட்டர், நீளம் 4 மீட்டர். அதாவது 10 சதுர மீட்டர், நம்ம கணக்குல நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. அபார்ட்மென்ட்ல ஒரு கார் நிறுத்துற இடம்னு நினைச்சுக்கங்க. அதுக்குள்ள ஒரு கட்டில், மடக்கி வைக்கிற மேஜை, சுவரோடு பதித்த அலமாரி, டிவி, ரேடியோ, கடிகாரம், போன். மூலையில் விமானத்துல இருக்கிற மாதிரி ஒரே அச்சுல வார்த்த குட்டி பாத்ரூம். டேப் ரெக்கார்டரும் உண்டு. 1972-இல் அது பெரிய விஷயம்.

சமையலறை கிடையாது. துணி துவைக்க இடம் கிடையாது. ஏன்னா இது குடும்ப வீடு இல்லை. வீடு புறநகரில் எங்கோ இருக்கும். வேலை டோக்கியோ நடுவில். ராத்திரி கடைசி ரயிலை விட்டுட்ட ஆபீஸ்காரர் வந்து படுத்து எழுந்து போக ஓர் இடம். இரண்டாவது அறை. ஒவ்வொரு கேப்ஸ்யூலையும் தனித்தனியா ஆட்களுக்கு விற்றார்கள். இந்தத் "தனித்தனியா" என்கிற வார்த்தையை மட்டும் மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

வளர்சிதை மாற்றம்

கட்டினவர் பெயர் கிஷோ குரோகாவா. பெயர் புதுசா இருக்கலாம், ஆனா உங்கள்ல பல பேர் அவர் கட்டின ஒரு கட்டடத்துக்குள்ள நடந்திருப்பீங்க. 1998-இல் திறந்த கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையம் அவர் டிசைன்தான். கேப்ஸ்யூல் ஹோட்டல்னு சொல்றோமே, அதில் உலகத்தின் முதல் ஹோட்டலையும், 1979-இல் ஒசாகாவில், அவர்தான் வடிவமைத்தார்.

1960-க்குப் போவோம். டோக்கியோவில் உலக டிசைன் மாநாடு நடக்குது. போர் முடிந்து 15 வருஷம்தான் ஆகியிருக்கு. குண்டுவீச்சில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்ததைச் சின்ன வயசில் கண்ணால் பார்த்த தலைமுறை அது. ஒரு நகரம் நிரந்தரம் இல்லைன்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், அதே டோக்கியோ பயங்கர வேகத்துல வளருது. 1962-இல் மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டியது.

அந்த மாநாட்டில் சில இளம் கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார்கள். கியோனோரி கிகுடாகே, ஃபுமிஹிகோ மாகி, மசாடோ ஓடாகா, நொபோரு கவாஸோயே என்ற விமர்சகர், கூடவே குரோகாவா. குரோகாவாவுக்கு அப்போ வயசு 26. இதைக் கேட்கிற பல பேரோட வயசு.

இயக்கத்துக்கு அவங்க வெச்ச பேர் மெட்டபாலிசம். ஜப்பானிய மொழியில் ஷின்சின்தைஷா. ஸ்கூல் உயிரியல் பாடத்துல நாம படிச்ச அதே வளர்சிதை மாற்றம். உடம்புல செல்கள் செத்துப் புதுசு வருது, ஆனா நீங்க அதே ஆளாத்தான் இருக்கீங்க. கட்டடமும் நகரமும் அப்படி இருக்கக்கூடாதான்னு கேட்டாங்க.

அவங்களோட மையமான யோசனை இதுதான். கட்டடத்துல எல்லாப் பகுதிக்கும் ஒரே ஆயுள் கிடையாது. தூண், கோபுரம் எல்லாம் நீண்ட நாள் நிற்கும். குழாய், பாத்ரூம், சுவர், உள்ளலங்காரம் எல்லாம் சீக்கிரம் பழசாகும். ஆயுள் வேற வேறன்னா, அவற்றை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வார்க்காதீங்க. பிரித்து வையுங்க. பழசானதை மட்டும் மாத்துங்க.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது புல்லரிக்கிற விஷயம். நாம இன்னைக்கு மாடியூல், மைக்ரோசர்வீஸ், ப்ளக்-இன்னு பேசுற அத்தனையும் அவங்க கான்கிரீட்லயும் இரும்புலயும் யோசிச்சிருக்காங்க.

1970-இல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே குரோகாவா இரும்புக் குழாய்ச் சட்டகத்தில் கேப்ஸ்யூல்களைச் சொருகின ஓர் அரங்கத்தை ஒரு வாரத்துக்குள் நிறுத்திக் காட்டினார். அதைப் பார்த்து அசந்துபோன ரியல் எஸ்டேட்காரர்தான் நகாகின் கம்பெனியின் தலைவர். எனக்கு நிஜமாவே ஒண்ணு கட்டிக் கொடுங்கன்னு கேட்டார். ரெண்டு வருஷத்துல டவர் எழும்பியது.

25 வருஷம் கழிச்சு

குரோகாவாவின் கணக்கு: தண்டு நிற்கும். கேப்ஸ்யூல்களை 25 வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் புதுசு மாட்டணும். 1972-உடன் 25 கூட்டினால் 1997.

1997 வந்தது, போனது. ஒரு கேப்ஸ்யூல்கூட மாறவில்லை. அதுக்கப்புறமும் மாறவில்லை. 140-இல் ஒன்றுகூட, 50 வருஷத்தில் ஒரு தடவைகூட.

ஏன்? இதைப் பத்திப் படிக்கும்போது நான் தேடினது ஒரே ஒரு வில்லனைத்தான். கிடைக்கலை. மூணு காரணம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்தது.

முதலாவது, உடல் ரீதியான சிக்கல். 4 போல்ட் கழற்றினால் கேப்ஸ்யூல் வந்துடும்கிறது காகிதத்தில் சரி. ஆனா கேப்ஸ்யூல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி சுமார் 30 சென்டிமீட்டர்தான். ஒரு ஆள் உள்ளே நுழைஞ்சு ஸ்பேனர் பிடிக்க முடியாது. குழாய்கள் அந்தச் சந்துக்குள்ளேதான் ஓடின, ரிப்பேர் பண்ணவும் கை போகாது. கிரேன் மேலேயிருந்துதான் தூக்க முடியும். அப்போ அஞ்சாவது மாடியில் ஒன்றை எடுக்கணும்னா, அதுக்கு மேலே இருப்பதையெல்லாம் முதலில் இறக்கணும். தனித்தனி மாடியூல்னு பேரு, ஆனா வரிசையில் ஒன்றை ஒன்று மறிச்சுக்கிட்டு நின்னது. என் ஆறு சர்வீஸ் கதைதான்.

இரண்டாவது, உரிமை. முன்னாடி சொன்னேன் இல்லையா, தனித்தனியா விற்றார்கள்னு. 140 கேப்ஸ்யூலுக்கு நூத்துக்கும் கிட்ட உரிமையாளர்கள்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் தினமும் அங்கே தூங்குறவர். ஒருத்தர் அதை ஆபீஸா வெச்சிருக்கார். ஒருத்தர் வாடகைக்கு விட்டிருக்கார். ஒருத்தர் வருஷக்கணக்கா எட்டிப் பார்க்கலை. மேல் மாடிக்காரர் சம்மதிக்காம கீழ் மாடிக்காரர் மாத்த முடியாது. மாத்தினா எல்லாரும் ஒரே நேரத்தில் மாத்தணும், எல்லாரும் ஒரே நேரத்தில் காசு போடணும். அபார்ட்மென்ட்ல மொட்டைமாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் போட சங்கக் கூட்டத்துல உட்கார்ந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது, காசு. மாத்துறதுன்னா புது கேப்ஸ்யூல் வேணும். கார் கம்பெனி மாதிரி வருஷா வருஷம் கேப்ஸ்யூல் தயாரிச்சுத் தள்ளுவாங்க, விலை குறையும்னு அன்றைய கனவு. அப்படி ஒரு தொழிலே உருவாகலை. அதனால புது கேப்ஸ்யூல்னா ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட கைவேலை. இதுல 1990-களில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி வெடிச்சிருக்கு. யாரும் செலவு பண்ணத் தயாரா இல்லை. ஆனா நிலம் மட்டும் கின்சா நிலம். அதே இடத்தில் சாதாரண உயரமான கட்டடம் ஒன்று கட்டினால் இன்னும் எத்தனையோ சதுர அடி கிடைக்கும்னு எல்லாருக்கும் தெரியும்.

இந்த மூணையும் பார்த்தா ஒண்ணு புரியும். குரோகாவா போல்ட்டை டிசைன் பண்ணினார். 25 வருஷம்னு ஒரு எண்ணும் சொன்னார். ஆனா அந்த 25-ஆவது வருஷம் காலையில் யார் எழுந்து யாருக்கு போன் பண்ணணும், பணம் எங்கே சேர்ந்திருக்கணும், வேண்டாம்கிறவரை என்ன பண்றதுங்கிறது எங்கேயும் இல்லை.

கசியும் கூரையும் ஓட்டும்

மாத்தாத கட்டடம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது. மழைத் தண்ணி ஒழுகியது. துருப்பிடித்தது. கட்டின காலத்து வழக்கப்படி அஸ்பெஸ்டாஸ் பயன்படுத்தியிருந்ததால் எதையும் சும்மா பிரிக்கவும் முடியாது, அது ஆபத்து. வெளியே வலை போட்டு மூடினார்கள். 2010-இல் சுடுதண்ணி நின்றுபோனது. டோக்கியோ குளிர்காலத்தில் சுடுதண்ணி இல்லாத வீட்டில் இருக்கிறதை யோசிச்சுப் பாருங்க.

2007-இல் உரிமையாளர்கள் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். அன்றைய ஜப்பான் சட்டப்படி இப்படிப்பட்ட கட்டடத்தை இடித்துக் கட்ட ஐந்தில் நான்கு பங்கு பேர் சம்மதிக்க வேண்டியிருந்தது. அந்த 80 சதவீதம் கிடைத்துவிட்டது. இடிக்கலாம்.

குரோகாவா அப்போ உயிரோடு இருந்தார். இடிக்காதீங்க, நான் சொன்ன மாதிரி கேப்ஸ்யூல்களை மட்டும் மாத்துங்கன்னு கேட்டார். 35 வருஷத்துக்கு முன்னாடி சொன்ன அதே விஷயம். பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் அவருக்கு ஆதரவு கொடுத்தார்கள். எதுவும் நடக்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில் அவர் காலமானார்.

இடிப்பும் உடனே நடக்கவில்லை. 2008 பொருளாதார நெருக்கடி வந்து எல்லாத் திட்டத்தையும் நிறுத்தியது. கட்டடம் திரிசங்கு சொர்க்கத்துல தொங்கியது. ரிப்பேரும் இல்லை, இடிப்பும் இல்லை.

இந்த இடைவெளியில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷர் ஒருத்தர் வர்றார். தத்சுயுகி மயேதா. கட்டடக் கலைஞர் கிடையாது. இந்த டவர் மேல ஆசை. 2010-இல் ஒரு கேப்ஸ்யூலை வாங்கினார். அப்புறம் இன்னொண்ணு. கடைசியில் 15 கேப்ஸ்யூல் அவர் கையில். காரணம் ரசனை மட்டும் இல்லை, ஓட்டு. இடிக்க 80 சதவீதம் வேணும்னா, வேண்டாம்னு சொல்ல 20 சதவீதத்துக்கு மேல இருந்தா போதுமே. ஒத்த கருத்து உள்ளவங்களைச் சேர்த்து, பாதுகாப்புக் குழு ஒன்றையும் நடத்தினார்.

உள்ளேயும் ஒரு புது வாழ்க்கை ஆரம்பித்தது. சிலர் கேப்ஸ்யூலைத் தங்கள் கையால் சரி பண்ணினார்கள். ஸ்டூடியோ, படிப்பறை, குட்டி ஆபீஸ்னு ஆளாளுக்கு ஒரு விதம். மாத வாடகைக்குத் தங்கிப் பார்க்கவும் வழி செய்தார்கள். வேலைக்காரர் படுத்து எழுந்து போக டிசைன் பண்ணின தனிமைப் பெட்டி, கடைசிச் சில வருஷங்களில் அக்கம்பக்கம் பேசிக்கிட்ட ஒரு தெருவாக மாறியது.

ஆனாலும் ஒழுகுற கூரையை ஆசை அடைக்காது. 2021-இல் உரிமையாளர்கள் கட்டடத்தை விற்க முடிவு செய்தார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று இடிப்பு தொடங்கியது. அப்போ கட்டடத்துக்கு வயசு 50.

இன்னொரு கட்டடம், 20 வருஷத்துக்கு ஒருமுறை

இங்கே நிறுத்தினா, அழகான யோசனை நடைமுறையில் தோற்றதுன்னு முடிச்சிடலாம். ஆனா அதே ஜப்பானில், மாத்திக்கிட்டே இருக்கிற கட்டடம் ஒன்று ஆயிரம் வருஷத்துக்கு மேல நிற்குது. இஸே ஆலயம். ஷின்டோ மதத்தின் மிக முக்கியமான இடம்.

அங்கே 20 வருஷத்துக்கு ஒரு தடவை, பிரதான சன்னதிகளைப் புதுசா கட்டுவார்கள். இப்போ இருக்கிறதுக்குப் பக்கத்திலேயே அதே அளவில் காலி மனை ஒன்று எப்போதும் காத்திருக்கும். அங்கே அதே மாதிரி, அதே அளவில், புது ஹினோக்கி மரத்தில் எழுப்புவார்கள். தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்வார்கள். பழசைப் பிரித்துவிடுவார்கள். அந்த மனை அடுத்த 20 வருஷத்துக்குக் காலி. மரபுப்படி முதல் தடவை நடந்தது 690-இல். 62-ஆவது தடவை 2013-இல். அடுத்தது 2033-இல்.

இதை நான் ஏன் இங்கே கொண்டு வர்றேன்? மெட்டபாலிசக்காரர்களுக்கு இது நல்லாத் தெரியும். அந்தக் குழுவின் கவாஸோயே, அவங்களுக்கெல்லாம் மூத்தவரான கென்ஸோ டாங்கேவோட சேர்ந்து இஸே பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கார். பொருள் மாறினாலும் வடிவம் தொடரும் என்கிற யோசனையின் வேர் அவங்களுக்கு அங்கேதான் கிடைச்சது.

அப்போ இஸேயில் இருந்து நகாகினுக்கு என்ன வரலை?

2033-இல் நடக்கப்போகும் விழாவுக்கான சடங்குகள் 2025-லேயே ஆரம்பிச்சாச்சு. முதல் மரம் வெட்டுறதுக்கே தனிச் சடங்கு. எட்டு வருஷ வேலை. அதுக்குத் தச்சர்கள் வேணும். 20 வருஷம்கிற இடைவெளி அதுக்குத் தோதா அமைஞ்சிருக்கு. ஒருத்தர் இருபது வயசில் எடுபிடியா வேலை பார்ப்பார், நாற்பதில் முக்கியமான வேலையைச் செய்வார், அறுபதில் மேற்பார்வை பார்ப்பார். அவர் கையில் இருக்கிற வித்தை காகிதத்தில் எழுதாமலே அடுத்தவருக்குப் போய்ச் சேரும். கட்டடம் மட்டும் இல்லாமல், உள்ளே வைக்கிற துணி, வாள், பாத்திரம்னு நூத்துக்கணக்கான வகைப் பொருளும் புதுசா செய்யணும். அதனால நெசவு, உலோக வேலைன்னு அந்தக் கைத்தொழில்களும் உயிரோட இருக்கு.

மரம்? பெரிய ஹினோக்கி வளர 200 வருஷம் ஆகும். அதனால ஆலயத்துக்குச் சொந்தமான காட்டில் 1923-இல் ஒரு 200 வருஷத் திட்டம் போட்டு மரம் நட்டு வர்றாங்க. நட்டவர் யாரும் அந்தத் தூணைப் பார்க்கப்போறதில்லை. பிரித்த பழைய மரத்தையும் எறியறதில்லை. சன்னதியின் முக்கியத் தூண்கள் வாசல் பாலத்தின் தோரணமா மாறும். மற்ற மரங்கள் நாட்டின் வேற ஆலயங்களுக்குப் போகும்.

இதைக் கேட்டு இஸே ஏதோ மாயம்னு நினைச்சுடாதீங்க. உள்நாட்டுப் போர்க் காலத்தில் 120 வருஷத்துக்கு மேல இந்தப் பழக்கம் நின்றுபோயிருக்கு. அப்புறம் திரும்ப ஆரம்பிச்சாங்க. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1949-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய் 1953-இல்தான் நடந்தது. அதுவரை அரசு பணம் கொடுத்தது. அதன் பிறகு மக்கள் நன்கொடை. இந்த ஏற்பாடும் உடையும். ஆனா உடைஞ்சா சரி பண்ணணும்னு நினைக்க அங்கே ஆள் இருந்தாங்க.

நகாகினையும் இஸேயையும் ஒரே தராசில் வைக்கிறது முழு நியாயம் இல்லை, ஒத்துக்கறேன். இஸேவுக்கு ஒரே நிர்வாகம், பக்தி, காடு எல்லாம் இருக்கு. நகாகின் கடன் வாங்கி ரூம் வாங்கினவங்களோட கட்டடம். ஆனா ஒரு விஷயத்துல ஒப்பிடலாம். இஸேயில் கழற்றி மாட்ட போல்ட் கிடையாது. சன்னதி முழுசையும் பிரிக்கணும், முழுசையும் கட்டணும். தொழில்நுட்பமா பார்த்தா நகாகினைவிட நூறு மடங்கு கஷ்டம். இருந்தும் அது மாறுது. ஏன்னா தேதி இருக்கு, ஆள் இருக்கு, மரம் வளர்ந்துட்டு இருக்கு, பக்கத்துல காலி மனை இருக்கு. நகாகினில் போல்ட் மட்டும்தான் இருந்தது.

இலைகள் மட்டும் மிச்சம்

இனிமேதான் கதையின் விசித்திரமான பகுதி.

இடிக்கும்போது மயேதாவின் குழு 23 கேப்ஸ்யூல்களைக் காப்பாற்றியது. கட்டடம் உயிரோடு இருந்த 50 வருஷத்தில் கழற்றப்படாத கேப்ஸ்யூல்கள், அது சாகும்போது முதல் தடவையாகக் கழன்று கிரேனில் இறங்கின. மேலேயிருந்து கீழே, வரிசையா. அப்போ முடியும்தான் போல.

அந்த 23-இல் பலவற்றைச் சீர்செய்தார்கள். ஒன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில். ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். 2025-இல் அங்கே இந்த டவரைப் பற்றித் தனிக் கண்காட்சியே தொடங்கினார்கள். ஹிகாஷி-கின்சாவில், பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு கேப்ஸ்யூல்களை வைத்துக் குட்டிக் கலைக்கூடம் திறந்தார்கள். ஒன்றைச் சக்கரம் வெச்ச ட்ரெய்லராவே மாத்திட்டாங்க. இதெல்லாம் தவிர, இடிப்புக்கு முன்னாலேயே சைதாமாவில், குரோகாவாவே கட்டின அருங்காட்சியகம் இருக்கிற பூங்காவில் ஒரு கேப்ஸ்யூல் நிற்குது. டோக்கியோ போறவங்க ரயிலில் போய் பார்த்துட்டு வரலாம்.

இப்போ குரோகாவா போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்க. தண்டு நிலைக்கும், கேப்ஸ்யூல் 25 வருஷத்தில் குப்பைக்குப் போகும்னு சொன்னார். நடந்தது நேர்மாறு. தண்டு இடிபட்டுப் போச்சு. குப்பைக்குப் போக வேண்டிய கேப்ஸ்யூலைக் கையுறை போட்டுத் தொடறாங்க. எது தற்காலிகம்னு செஞ்சாங்களோ, மக்கள் ஆசை வெச்சது அதுமேல. ஏன்னா அவங்க வாழ்ந்தது அதுக்குள்ளதான். வட்ட ஜன்னல் வழியா டோக்கியோ மழையைப் பார்த்தது அங்கேருந்துதான். லிஃப்ட் ஷாஃப்ட் மேல யாரும் ஆசை வைக்கறதில்லை.

இன்னொரு பக்கமும் யோசிச்சேன். ஒருவேளை 1997-இல் எல்லாத்தையும் மாத்தியிருந்தா, இன்னைக்கு டவர் நின்னிருக்கும். ஆனா டேப் ரெக்கார்டர் வெச்ச அந்த 1972 கேப்ஸ்யூல் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. நாம எதைக் காப்பாத்த நினைக்கிறோம், பொருளையா, அது செய்ற வேலையையான்னு முன்கூட்டியே முடிவு பண்ணணும் போல. இஸே ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. நகாகின் எதையும் தேர்ந்தெடுக்கலை. அதனால ரெண்டுலயும் பாதிதான் கிடைச்சது.

என் மாடியூல் என்ன ஆச்சு?

மறந்துடலை. அன்னைக்கு ராத்திரி ஒட்டுப் போட்டுச் சமாளிச்சோம். அடுத்த ரெண்டு மாசம் அந்த ஆறு சர்வீஸையும் ஒவ்வொண்ணா, மேலேயிருந்து கீழே, பிரிச்சு எடுத்தோம். இப்போ புது மாடியூல் ஓடுது. சத்தியமா சொல்றேன், டிசைனா பார்த்தா பழசைவிடப் பெரிய முன்னேற்றம் ஒண்ணும் இல்லை.

மாத்தினது வேற. "பிறகு மாற்றவும்"னு கமென்ட் போடறதை நிறுத்திட்டேன். அதுக்குப் பதிலா ஒரு தேதி, ஒரு டீம் பேர். அந்தத் தேதி வந்தா டீம் காலண்டர்ல தானா ஒரு மணி நேரம் பிளாக் ஆகும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, பிரச்சினை இருக்கோ இல்லையோ, டெஸ்ட் சிஸ்டத்துல அந்த மாடியூலைக் கழற்றிட்டு ஒரு டம்மியை மாட்டிப் பார்ப்போம். எது விழுதுன்னு பார்ப்போம். முதல் தடவை ரெண்டு விழுந்தது. அடுத்த தடவை ஒண்ணும் விழலை. இந்த வேலையைப் போன தடவை செஞ்சது, அன்னைக்கு "ப்ரோ, மேல ஆறு விழும்"னு சொன்ன அதே பையன். அடுத்த தடவை அவனுக்கு அடுத்து வந்த பொண்ணு செய்யணும்னு ஏற்பாடு.

உங்க வீட்டுலயோ ஆபீஸ்லயோ "இது தற்காலிகம்தான்"னு சொல்லி வெச்ச ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அதுக்கு என்ன வயசுன்னு எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடு ஆரம்பத்துல சிலதைப் படிக்கிறேன். யார் வெச்ச தற்காலிகத்துக்கு வயசு அதிகம்னு பார்த்துடலாம்.